விற்பனைக்கு ஒரு வால்வோ 1800 இஎஸ்: இன்ஜினை விடுங்கள், தகட்டைப் பாருங்கள்

வால்வோ 1800 இஎஸ் என்பது ஸ்வீடன் கம்பெனியான வால்வோவின் 1970களின் ஸ்போர்ட்ஸ் வேகன்: முன்பாதி ஸ்போர்ட்ஸ் கார், பின்பாதி சாமான் ஏற்றும் நீண்ட கூரை. அதை விற்கும் வழக்கமான விளம்பரம் இப்படித்தான் இருக்கும். 1973 வால்வோ 1800 இஎஸ், இன்ஜின் அருமையாக ஓடுகிறது, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்) வேலை செய்கிறது, சில வருஷங்களுக்கு முன் முழு பெயின்ட் அடித்தது, தோல் இருக்கைகள் அசல், துரு இல்லை. கூடவே சில படங்கள். பாதிப் படங்கள் பின்பக்கக் கண்ணாடிக் கதவை மாலை வெயிலில் காட்டும். மீதிப் பாதி பானெட்டைத் தூக்கிவிட்டு எடுத்த இன்ஜின் படங்கள். காரின் அடிப்பாகம் ஒரு படத்தில்கூட இருக்காது.

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ இந்தக் கார் கைமாறும்போதெல்லாம் விற்பவர் சொல்வதும் வாங்குபவர் கேட்பதும் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான். எத்தனை மைல் ஓடியது, எண்ணெய் குடிக்கிறதா, ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றே பேச்சு ஓடும். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மேலே சொன்ன விளம்பரத்தில் விலையைத் தீர்மானிக்கும் சொற்கள் இரண்டுதான்: துரு இல்லை. சரிபார்க்க மிகவும் கடினமானதும் அதுதான். இன்ஜின் சரியில்லை என்றால் ஆகும் செலவை முன்கூட்டியே கணக்குப் போடலாம். காரின் உடலான இரும்புத் தகடு சரியில்லை என்றால் அந்தச் செலவுக்கு அடி தெரியாது. ஏன் இப்படி என்பது இந்தக் கார் பிறந்த விதத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு விற்பனைக்கு வருவோம்.

கார் வந்த வழி

1950களின் நடுவில் வால்வோ ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விற்றுப் பார்த்தது. ஃபைபர்கிளாஸ் உடல், திறந்த கூரை. எழுபது கார்கூடத் தயாராகவில்லை. 1956இல் கம்பெனியின் தலைமைக்கு வந்த குன்னார் எங்கெல்லாவ் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் ஷோரூமுக்குள் ஆட்களை இழுக்க ஒரு அழகான கார் வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. கம்பெனியின் ஆலோசகர் ஹெல்மர் பெட்டர்சன் அந்த வேலையை இத்தாலிக்குக் கொண்டுபோனார். அவருடைய மகன் பெல்லே பெட்டர்சன் அப்போது டூரினில் கார் வடிவமைப்பாளர் ஃப்ருவாவின் பட்டறையில் இருந்தார். எங்கெல்லாவ் முன் வைக்கப்பட்ட வரைவுகளோடு மகன் வரைந்ததும் சேர்ந்துகொண்டது. அவர் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான். தனக்கு இத்தாலியக் கைவண்ணம் வேண்டும் என்று நினைத்திருந்தவர், வரைந்தவர் ஒரு ஸ்வீடன்காரப் பையன் என்று பிறகு தெரிந்ததும் கோபப்பட்டார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. பெல்லே பின்னாளில் படகு வடிவமைப்பில் பேர் வாங்கினார், 1964, 1972 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் பதக்கமும் வாங்கினார்.

வரைவு இத்தாலியில் முடிந்ததும் யார் தயாரிப்பது என்ற சிக்கல் வந்தது. முதலில் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் உள்ள கார்மன் நிறுவனத்திடம் பேசினார்கள். கார்மனின் மிகப் பெரிய வாடிக்கையாளரான ஃபோக்ஸ்வாகனுக்கு அது பிடிக்கவில்லை, பேச்சு அங்கேயே நின்றது. கடைசியில் இங்கிலாந்தில் வெஸ்ட் பிராம்விச் ஊரில் இருந்த ஜென்சன் கம்பெனிக்கு ஒப்பந்தம் போனது. உடல் தகடுகளை ஸ்காட்லாந்தின் லின்வுட்டில் பிரஸ்டு ஸ்டீல் கம்பெனி அடித்துக் கொடுத்தது. 1961இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. தரத்தில் குறை மேல் குறை. 10,000 கார்களுக்குப் போட்ட ஒப்பந்தம் 6,000 காரோடு முறிந்தது. 1963இல் வால்வோ அசெம்ப்ளியை கோதன்பர்க்கிலுள்ள தன் தொழிற்சாலைக்கே மாற்றிக்கொண்டது, பெயரிலும் எஸ் என்ற எழுத்து ஒட்டிக்கொண்டது. அப்போதும் உடல் ஸ்காட்லாந்திலிருந்துதான் கப்பலில் வந்தது. 1969இல்தான் தகடு அடிக்கும் அச்சுகள் ஸ்வீடனின் ஓலோஃப்ஸ்ட்ரம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு அலைச்சலும் உடலுக்குத்தான். உள்ளே இருந்த இயந்திரத்துக்கு எந்த அலைச்சலும் இல்லை. அது வால்வோவின் அமேசான் செடானிலிருந்து வந்தது. அமேசானின் சக்கர இடைவெளி 2,600 மில்லிமீட்டர், 1800இல் அதை 2,450 ஆகக் குறைத்தார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் லட்சக்கணக்கான குடும்பக் கார்களில் ஓடிய சாமான்களின் வகை. ஸ்வீடனின் குளிரையும் மண் சாலையையும் மனதில் வைத்துச் செய்தவை. சாமான் இன்றும் கிடைக்கிறது, வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார். உடலோ வேறு எந்தக் காரோடும் பொருந்தாது. விற்பனைப் பேச்சில் எது மலிவு, எது ஆபத்து என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

(நடுவில் ஒரு நல்ல அதிர்ஷ்டம்: ரோஜர் மூர் நடித்த ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்கு ஜாகுவார் கார் தர மறுத்தது, வால்வோ கொடுத்தது. அந்த வெள்ளைக் காரை வைத்தே உலகம் 1800ஐ அடையாளம் கண்டுகொண்டது. இன்றும் கூபேயின், அதாவது வேகன் ஆவதற்கு முந்தைய இரண்டு கதவு 1800இன், விலையில் அதற்கு ஒரு பங்கு உண்டு.)

இஎஸ் எங்கே பிரிகிறது

1960களின் முடிவில் இந்த வடிவம் பழசாகிவிட்டது. 1970 மாடலுக்கு போஷின் எலக்ட்ரானிக் பியூயல் இன்ஜெக்‌ஷனும் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் வந்தன, முகம் மட்டும் அதேதான். புது ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்குப் பணம் போட வால்வோவுக்கு மனமில்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார்கள். ஃப்ருவாவிடமிருந்து ராக்கெட் என்ற பெயரில் ஒரு வரைவு வந்தது, ரொம்பத் தூரம் போய்விட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் யான் வில்ஸ்கார்டின் வரைவுதான் ஜெயித்தது. முன்கண்ணாடியும் கதவும் வரை பழைய காரே. அங்கிருந்து கூரையை நீட்டி, நீளமான பக்கக் கண்ணாடி வைத்து, பின்னால் சட்டமே இல்லாத முழுக் கண்ணாடியைக் கதவாக மாட்டிவிட்டார். கீல், கைப்பிடி, பூட்டு எல்லாம் கண்ணாடியில் துளை போட்டு நேராக முடுக்கியவை. பின் சீட்டை மடித்தால் தட்டையான தளம். 1971 ஆகஸ்டில் அறிமுகம் ஆனது.

ஜெர்மனியில் இதைக் கேலியாக ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி என்றார்கள். ஸ்வீடனில் மீன் வண்டி. கேலி செய்தாலும் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன, இன்று அதையே விற்பவர்கள் பெருமையாக விளம்பரத்தில் போடுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் வேகன் என்ற யோசனையே வால்வோவின் கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுவதை நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் ரிலையன்ட் சிமிட்டர் ஜிடிஇ 1968லேயே வந்துவிட்டது, அதற்கு முன்னாலேயே ஆஸ்டன் மார்ட்டின் டிபி5ஐ ராட்ஃபோர்ட் பட்டறை விரல்விட்டு எண்ணும்படி சில வேகன்களாக மாற்றித் தந்திருந்தது. சிமிட்டரின் உடல் ஃபைபர்கிளாஸ், அது துருப்பிடிக்காது. இஎஸ் இரும்பு.

1972, 1973 என்று இரண்டே மாடல் வருஷம். 1973 ஜூனோடு உற்பத்தி நின்றது. முக்கியமான சந்தை அமெரிக்கா, அங்கே 1974இலிருந்து பம்பர் விதி கடுமையாக இருந்தது: மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தால் முன்னும் பின்னும் தாங்க வேண்டும். புகைக் கட்டுப்பாடும் இறுகிக்கொண்டே வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் பழைய உடலை அதற்காக மறுபடி வெட்டி ஒட்டுவது லாபம் தராது என்று கம்பெனி முடிவெடுத்தது. 1800 வகையில் மொத்தம் 47,000க்கும் மேல் தயாரானது. அதில் இஎஸ் 8,000க்குச் சற்று மேல்தான். குறைவாகச் செய்ததால் இன்று மதிப்பு. அதே காரணத்தால் இதற்கென்று மட்டும் இருக்கும் பாகங்கள் கிடைப்பதும் அரிது.

இன்ஜின்: பயப்பட வேண்டாதது

2 லிட்டர், நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்புப் பிளாக், ஐந்து மெயின் பேரிங். வாழ்நாளைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள்: நியூயார்க் மாநிலத்து அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன். 1966இல் வாங்கிய சிவப்பு 1800 எஸ்ஸை 2013இல் 30 லட்சம் மைல் தாண்ட வைத்தவர், கின்னஸிலும் இடம் பிடித்தவர். 2018இல் அவர் இறக்கும்வரை அந்தக் கார் அவரிடம்தான் இருந்தது. அவருடையது கார்புரேட்டர் வைத்த பழைய 1.8 லிட்டர் இன்ஜின், ஆனால் குடும்பம் ஒன்றே. எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும் என்று அவர் சொல்வார் என்பார்கள். நான் இதைச் சாட்சியாக எடுக்கிறேன், உத்தரவாதமாக எடுக்க மாட்டேன். ஒரே சொந்தக்காரர், ஒரே கவனம். நம் முன்னால் நிற்கும் காருக்கு அந்த வாழ்க்கை வாய்த்ததா என்று தெரியாது.

கவனிக்க வேண்டியது சிலவே. இன்ஜினின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றும் டைமிங் கியர் ஃபைபரால் ஆனது. சத்தம் குறைய வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். வயதானால் பல் உதிரும், கார் நடு ரோட்டில் நிற்கும். இரும்புக் கியர் மாட்டியிருந்தால் லேசான ஓலம் கேட்கும், அது நல்ல செய்திதான். அடுத்து இன்ஜெக்‌ஷன். ஃபோக்ஸ்வாகன் 1600இல் 1967இல் முதன்முதலாக வந்த அதே போஷ் டி-ஜெட்ரானிக் வகை. சிப், நினைவகம் எதுவும் கிடையாது. இன்ஜினுக்குள் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்ஸார் அளக்கும், டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் பாயின்ட்டுகள் எப்போது பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று சொல்லும். அந்தப் பாயின்ட் அழுக்கானாலோ சென்ஸாரின் உள்தகடு கிழிந்தாலோ கார் கறுப்புப் புகையோடு திணறும். தெரிந்தவர் கையில் கொடுத்தால் அரை நாள் வேலை. தெரியாதவர்கள் இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு கார்புரேட்டர் மாட்டிவிடுவார்கள். ஓட்டிப் பார்க்க அது ஒன்றும் மோசமில்லை, ஆனால் விலையில் கட்டாயம் குறைத்துக் கேளுங்கள். பிடுங்கிய சாமான் டப்பாவில் பத்திரமாக இருந்தால் கொஞ்சம் மட்டும் குறையுங்கள்.

பெட்ரோல் ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள். இன்ஜெக்‌ஷன் அழுத்தம் சுமார் 2 பார், கார்புரேட்டர் லைனைவிடப் பல மடங்கு. ஐம்பது வருஷப் பழைய ரப்பர் சூடான இன்ஜின் மேல் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது.

ஓவர்டிரைவ் டாப் கியரில் மட்டும் விழும். ஸ்டீயரிங் அருகே உள்ள குச்சியைத் தட்டினால் இன்ஜினின் சுழற்சி சட்டென்று இறங்க வேண்டும். இறங்கவில்லையா, பெரும்பாலும் சுவிட்ச் அல்லது ஒயரிங், சில சமயம் கியர் எண்ணெய் குறைவு. ஆட்டோமேட்டிக் வைத்த கார்களும் உண்டு, போர்க்-வார்னர் மூன்று கியர். அது இந்தக் காரை ரொம்பவே சோம்பலாக்கிவிடுகிறது. எனக்கு வேண்டாம். அமெரிக்காவுக்குப் போன இன்ஜினில் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 8.7, ஐரோப்பாவுக்கு 10.5. ஓட்டும்போது வித்தியாசம் தெரியும், விலையில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தகடு: முழு நேரத்தையும் இதற்குக் கொடுங்கள்

இந்தக் காரில் முன் ஃபெண்டர், அதாவது முன் சக்கரத்தை மூடும் தகடு, போல்ட் போட்டு மாட்டியதல்ல, உடலோடு வெல்ட் வைத்தது. கெட்டுப்போனால் கழற்றிப் புதிது மாட்ட முடியாது. வெட்டி எடுக்க வேண்டும், புதிதைப் பொருத்தி வெல்ட் வைத்து, இணைப்புத் தெரியாமல் மழமழப்பாக்க வேண்டும். முழுக்க டிங்கர் வேலை, அதுவும் நல்ல கை வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் நாட்டில் இது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

முன் சக்கரத்துக்குப் பின்னால், ஃபெண்டருக்குள், ஒரு மூலை இருக்கிறது. சக்கரம் வாரி எறியும் சேறு அங்கே போய்ச் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். வெளியில் பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். அங்கிருந்து கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் தொடங்குகிறது. அது ஒரே தகடு அல்ல. வெளித் தகடு, உள் தகடு, நடுவில் பலத்துக்கு இன்னொன்று என்று அடுக்கடுக்காக வைத்த பெட்டி. தனி சேஸிஸ் இல்லாத இந்தக் காரின் முதுகெலும்பு அதுதான். வெளித் தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி, உள்ளே அழுகியதை அப்படியே மூடி, மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்த கார்கள் சந்தையில் ஏராளம். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும்.

பிடிப்பதற்கு வழி உண்டு. துணி சுற்றிய சின்ன காந்தத்தைச் சில்லின் நீளம் முழுக்க நகர்த்துங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் நழுவும். அடுத்து, காரை ஜாக் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள், விற்பவருடைய ஜாக்கை விட லிஃப்ட் உள்ள ஒரு பட்டறை மேல். ஜாக் வைக்கும் இடமே நொறுங்கினால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. தூக்குவதற்கு முன்னும் பின்னும் கதவின் விளிம்புக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மாறினால் உடல் வளைகிறது என்று பொருள். அப்புறம் உள்ளே போய்த் தரைவிரிப்பைத் தூக்குங்கள். முன்கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் தண்ணீர் கால் வைக்கும் இடத்தில்தான் தேங்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இதெல்லாம் கூபேக்கும் பொருந்தும். இஎஸ்ஸுக்கென்று கூடுதலாக ஒரு பகுதி இருக்கிறது: கதவுக்குப் பின்னால் உள்ள எல்லாமே. நீளமான பக்கக் கண்ணாடியின் அடி விளிம்பு, பின் சக்கர வளைவின் உள்பக்கம், கண்ணாடிக் கதவின் ரப்பர் உட்காரும் விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் குழி. கூபேக்கு வரும் மாற்றுத் தகடு இங்கே உதவாது. அந்தக் கண்ணாடிக் கதவைப் பொறுத்தவரை, சிராய்ப்பும் கீல் துளையைச் சுற்றிய சின்ன விரிசலும் ஒன்றல்ல. டெம்பர் செய்த கண்ணாடி, விரிசல் ஓடினால் மொத்தமும் உதிர்ந்துவிடும். ரப்பர் சரியில்லை என்றால் தண்ணீர் மட்டும் வராது, ஓடும்போது புகை நாற்றமும் உள்ளே வரும். டெஸ்ட் டிரைவில் ஜன்னலைச் சாத்திவிட்டு மூக்கைப் பயன்படுத்துங்கள்.

விற்பவர்கள் மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்லும் ஒரு குறை உண்டு: டேஷ்போர்டு வெடித்திருக்கிறது. எனக்கு அது நல்ல சகுனம். வருஷக்கணக்கில் கடும் வெயிலில் நின்ற கார் என்பதற்கு அது அடையாளம், வெயில் ஊரில் பனியை உருக்கச் சாலையில் உப்பு போட மாட்டார்கள், தகட்டைத் துருப்பிடிக்க வைப்பது அந்த உப்புதான். அரிசோனா, கலிஃபோர்னியாக் கார்களின் தரைத் தகட்டைப் பார்த்தால் நியூயார்க் கார்களோடு ஒப்பிட மனம் வராது. மாறாக, வாழ்நாள் முழுக்க அரிசோனாவில் இருந்தது என்று சொல்லிவிட்டு டேஷ்போர்டில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டால், அதை மாற்றினார்களா, கொட்டகைக்குள்ளேயே நின்றதா, அல்லது ஊர்க் கதைதான் பொய்யா என்று கேட்க வேண்டும். பழைய பதிவுச் சான்றிதழ்கள் எந்த மாநிலத்தவை என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

விளம்பரத்துக்குத் திரும்பினால்

முதல் வரியில் 1973 இஎஸ் என்கிறார்கள். சேஸிஸ் நம்பர் 183 என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரில் பொறித்திருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்ஜினும் ஓவர்டிரைவும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள், நம்பிக்கொள்ளலாம், பொய்யென்றாலும் நஷ்டம் சமாளிக்கக்கூடியது. தோல் இருக்கை அசல் என்றால் தையல் விட்டிருக்கும், பரவாயில்லை.

சில வருஷங்களுக்கு முன் முழு பெயின்ட் என்ற வரிதான் கவலைக்குரியது. பெயின்டுக்கு முன் எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். தகட்டைச் சுரண்டி வெறுமையாக்கிய நிலையில், சில் வெட்டித் திறந்த நிலையில், வெல்ட் வைக்கும்போது என்று படம் எடுக்காத நல்ல பட்டறையே கிடையாது. படம் இல்லை என்றால் பெயின்டுக்கு அடியில் துரு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். முழு சில், தரை, முன் ஃபெண்டர் வேலைக்கு உங்கள் ஊர்ப் பட்டறை கேட்கும் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். விற்பவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவர் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சம்மதித்தால் அந்தக் கழிவை அங்கேயே திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

அதே நாளில், அதே விலைக்கு இன்னொரு இஎஸ் வந்தது என்று வையுங்கள். வறண்ட ஊர்க் கார், முதல் பெயின்ட், வெயிலில் வெளுத்து மங்கிப் போனது, டேஷ்போர்டு மூன்று துண்டு, இன்ஜின் வருஷக்கணக்கில் ஸ்டார்ட் ஆகவில்லை, டயர் நாலும் தரையோடு. டிரக்கில் ஏற்றித்தான் எடுத்துவர வேண்டும். நான் அதைத்தான் வாங்குவேன், வாடகை டிரக்குக்கும் சேர்த்து.